கோட்டுக்குள் எட்டு வீடு

தம்பி,

இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்க உனக்கு ஒரு மணித்தியாலமாவது பிடிக்கும். உன் தமிழ் வாசிப்பு ஞாயிறு தமிழ்ப் பள்ளியோடு நின்றுபோனது, எழுத்துக் கூட்டித்தான் வருவாய் என்று எனக்குத் தெரியாதா? இங்கிலீஷில் ஈமெயில் போட்டிருந்தால் ட்ரெயின் அடுத்த ஸ்டேஷனுக்குப் போவதற்குள் பெருவிரலால் தள்ளித் தள்ளி முடித்துவிட்டு, ‘லவ் யூ அம்மா’ என்று ஒரு வரி அனுப்பியிருப்பாய். இந்த விஷயத்தில் எனக்கு அந்த வரி வேண்டாம். நடக்கிற வேகத்தில் நீ இதை வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் தமிழில், கையால் எழுதுகிறேன். இன்னொரு பிரதியை எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் அனுப்புகிறேன். ஏன் ஊர் முழுக்கப் பார்க்க வைக்கிறேன் என்று கோபிக்காதே, அதற்கும் காரணம் சொல்கிறேன்.

போன ஞாயிறு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நகர மையத்து ஃப்ளாட்டிலிருந்து மனுகாவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு ட்ரெயின் ஏறி வந்தாய். வாசலில் சப்பாத்தைக் கழற்றுமுன்னமே விஷயத்தைச் சொன்னாய். சண்டை முடிந்த இரண்டு நாடுகளுக்கு நடுவில் எல்லை போடுகிற குழுவில் உன்னை எடுத்திருக்கிறார்கள், வரைபட ஆட்கள் ஆறு பேர், அதில் நீ ஒருவன், இன்னும் இரண்டு கிழமையில் பயணம். நாடுகளின் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்றாய், சொல்லமாட்டேன். அப்பா புல் வெட்டுகிற மெஷினை நடுப்புல்லில் விட்டுவிட்டு ஓடி வந்து உன்னைக் கட்டிப்பிடித்தார். நான் கறியை இறக்கி வைத்துவிட்டு, “நீ போகக்கூடாது” என்றேன்.

“ஏன் அம்மா? இட்ஸ் டோட்டலி சேஃப். நாங்கள் ஹோட்டல்ல இருந்துதான் வேலை செய்யிறது. எல்லாம் சாட்டிலைட் இமேஜ். அந்த இடத்துக்குப் போகவே தேவையில்லை.”

“அதாலதான் போகக்கூடாது எண்டுறன்.”

நீ சிரித்தாய். அம்மாவுக்குப் பயம் என்று நினைத்தாய். பிறகு ஃபோனை எடுத்து, அவர்கள் உனக்கு அனுப்பிய கடிதத்தை வாசித்துக் காட்டினாய். உன் தாய் ஒரு போர்நிறுத்த வரைபடத்தை வரைந்தவர் என்று நீ விண்ணப்பத்தில் எழுதியிருந்தது அவர்களுடைய மனத்தைத் தொட்டதாம், அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவர் தங்களுக்குத் தேவையாம். “பார்த்தீங்களோ, உங்களாலதான் கிடைச்சது” என்று நீ என் தோளில் கை போட்டாய். நான் கையைத் தட்டிவிட்டுக் குசினிக்குள் போனேன். நீ சாப்பிடாமல் போனாய். அப்பா என்னைப் பார்த்து, “உமக்கென்ன விசரே?” என்று கேட்டார். விசர் இல்லை, தம்பி. வெட்கம். அதைச் சொல்ல எனக்கு இன்னும் ஆறு நாள் தேவைப்பட்டது.

நீ பெருமைப்படுகிற அந்தப் படத்தைப் பற்றி உனக்கு அப்பாதான் சொன்னவர். உனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, நான் படம் கீறுகிற விளக்கு மேசையில் குனிந்து நிற்கிற பழைய ஃபோட்டோ ஒன்று பெட்டிக்குள்ளிருந்து வந்தது. ‘அம்மாட கையால போட்ட கோட்டை வைச்சுத்தான் ரெண்டு பக்கமும் சுடுறதை நிப்பாட்டினது’ என்று அவர் உனக்குக் கதை சொன்னார். வெளியில் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் என்று உங்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டேன். அடக்கம் என்று நினைத்தீர்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒளித்து வைத்தேன், அவ்வளவுதான்.

நான் ஏன் ஜியோகிராபி படித்தேன் என்று உனக்குத் தெரியுமா? வேலிச் சண்டையால். உன் தாத்தாவும் பக்கத்து வளவுக்காரரும் ஒரு கதியாலுக்காக என் சின்ன வயது முழுக்க வழக்காடினார்கள். வேலிக்கு நடுகிற அந்தத் தடியை அடுத்தவர் ஓர் அடி தள்ளி நட்டுவிட்டார் என்பது வழக்கு. மழை பெய்து மண் இளகினால் கதியால் நடந்துபோகும், எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த கதை. தாத்தா என்னிடம் கயிற்றின் ஒரு நுனியைத் தந்து, அசையாமல் பிடி என்பார். நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். சரியாக அளந்து ஒரு தாளில் போட்டுவிட்டால் இந்தச் சண்டை எல்லாம் முடிந்துவிடும் என்று அப்போது நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் கம்பஸுக்குப் போனேன், முதல் வகுப்பில் பாஸ் பண்ணினேன், அங்கேயே படிப்பிக்கவும் தொடங்கினேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

ஊரில் போர்நிறுத்தம் வந்தபோது உனக்கு ஐந்து வயது. இரண்டு தரப்பும் எங்கே நிற்கிறது, யார் எதுவரைக்கும் வரலாம் என்று காட்டுகிற ஒரு படம் தேவைப்பட்டது. கண்காணிக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் பேராசிரியரைக் கேட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். “உம்மட கை நடுங்காது, நீர் கீறும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்” என்றார். ஒப்பந்தத்துக்குப் பின்னால் இணைக்கப்போகிற படம் அது. அதன் கீழே பெரிய ஆட்கள் கையெழுத்துப் போடுவார்கள். மந்திரிகளும் தூதுவர்களும் மாதக்கணக்காகக் கதைத்தது கடைசியில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் ‘பாதையை ஒட்டி’ என்று எழுதியிருந்தார்கள். பாதை எது, ஒட்டி என்றால் எவ்வளவு என்பதெல்லாம் என் பேனாவிடம் விடப்பட்டிருந்தது.

மெல்லிய கோடு போட புள்ளி இரண்டு மில்லிமீட்டர் நிப் வேண்டும். என்னிடம் இருந்ததில் மை காய்ந்து அடைத்துப்போயிருந்தது. நெடுங்காலம் பொருள் எதுவும் வராமல், இருந்த மையைத் தண்ணீர் கலந்து கலந்து பாவித்த காலம் அது. சுடுதண்ணீரில் ஊற வைத்தேன், ஊசியால் குத்தினேன், சரிவரவில்லை. பிறகு புள்ளி எட்டு நிப்பை எடுத்தேன். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய வரைபடத் தாள் அது. அந்தத் தாளில் புள்ளி எட்டு மில்லிமீட்டர் கோடு என்றால் நிலத்தில் ஐம்பது மீட்டர் அகலம். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் நானே படிப்பித்த விஷயம். கோடு கறுப்பாக, தடிப்பாக, ஃபோட்டோ கொப்பி எடுத்தாலும் அழியாமல் விழுந்தது. பேராசிரியர் ‘வடிவா இருக்கு’ என்றார். வெளிநாட்டுக்காரர் ஃபோட்டோ எடுத்தார். நீ பார்த்தது அந்த ஃபோட்டோதான்.

அந்தப் பாதையைப் போய்ப் பார்த்திருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது. பார்க்கவும் வழி இருந்தது. புதன்கிழமை ஜீப் ஒன்று அந்தப் பக்கம் போனது, எனக்கும் ஓர் இடம் வைத்திருந்தார்கள். நான் போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். தம்பி, உனக்கு அன்றைக்குக் காய்ச்சல் இல்லை. நீ முற்றத்தில் டயர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாய். எனக்குக் கண்ணிவெடிக்குப் பயம். அதைச் சொல்லியிருந்தால் ஒருத்தரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், எல்லாருக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. தாள் என்னிடம் இருக்கிறதே, போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். அதற்கு உன்னைச் சாட்டு ஆக்கினேன்.

அந்தப் பாதையின் தெற்குப் பக்கத்தில் எட்டு வீடுகள் இருந்தன. எட்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. மெல்லிய நிப்பால் கீறியிருந்தால் எட்டும் கோட்டுக்குத் தெற்கே தப்பியிருக்கும், சனம் திரும்பிப் போய்க் குடியேறியிருக்கும். என் கோட்டில் எட்டு வீடும் கிணறும் மைக்குள் போய்விட்டன. கோட்டின்மேல் யாரும் இருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்தச் சனம் டிராக்டரில் தகரமும் பானை சட்டியும் ஏற்றிக்கொண்டு போனபோது ஒரு பக்கத்துக் காவல்காரர்கள் படத்தை விரித்துப் பார்த்து, இது கோட்டில் இருக்கிறது, வர முடியாது என்றார்கள். மற்றப் பக்கம் போய்க் கேட்டால், இது எங்கள் பகுதி இல்லை என்றார்கள். அகதிகளாகத் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்கே திரும்பி வந்தார்கள். ஓர் அடி வேலிக்குக் கோர்ட் ஏறுகிற சனத்திடமிருந்து ஐம்பது மீட்டரை ஒரு நிப்பால் பிடுங்கியவள் நான்.

இதுவரைக்கும் நடந்ததைப் பிழை என்று சொல்லலாம். அடுத்தது பிழை இல்லை, குற்றம். சில மாதம் கழித்து அந்த எட்டுக் குடும்பமும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். எங்கள் வீடுகள் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தயவுசெய்து அறியத் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், நல்ல உருண்டைக் கையெழுத்து. பேராசிரியர் அதை என் மேசையில் வைத்தார். நான் தாளை எடுத்து அளந்தேன். அளந்தவுடனே விளங்கிவிட்டது.

“சேர், இது என்ர பிழை. நிப் தடிப்பு. படத்தைத் திருத்திக் குடுக்கவேணும்” என்று அவரிடம் போனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இப்ப படத்தில கை வைச்சா ஒவ்வொருத்தனும் தன்ர இடத்தையும் திருத்தச் சொல்லுவான். பேச்சுவார்த்தையே குழம்பிப்போயிடும். எட்டு வீடுதானே, பிள்ளை. அவை கொஞ்ச நாள் பொறுத்திருப்பினம். நீர் ஒரு பதில் எழுதிவிடும்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. சமாதானம் முறிந்துவிடக்கூடாது என்று உண்மையாகவே நடுங்கினார். ஆனால் பதிலை எழுதியது நான். ‘வரைபடத்தின் அளவுத்திட்டத்தில் தங்கள் வினாவைத் தீர்மானிக்க இயலாது.’ இதுதான் பதில். ஒரே வரி. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினேன். பொய் என்று ஒருவரும் சொல்ல முடியாத வசனம். என் வாழ்க்கையில் நான் எழுதியதில் மிகவும் கெட்ட வசனம் அதுதான். சமாதானம் பிறகு தானாகவே முறிந்தது. அந்த எட்டு வீட்டைத் திருத்தாமல் விட்டதால் அது ஒரு நாள்கூட அதிகம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான் படம் கீறவில்லை. அப்பாவின் வேலையால் விசா கிடைத்து ஆக்லாந்துக்கு வந்தோம். ஏர்போர்ட்டில் தந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்காது. உங்கள் சப்பாத்தில் மண் இருக்கிறதா என்கிற மாதிரி ஒரு கேள்வி. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மனிதருடைய சப்பாத்தை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி, பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நீ அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாய். நான் ‘இல்லை’ என்ற பெட்டிக்குள் கோடு போட்டேன். ஒரு தேசத்து நிலத்தைத் தாளில் கீறினவள், சப்பாத்தில் ஒரு சொட்டு மண் இல்லாமல் அந்த வரிசையில் நின்றேன். இங்கே வயோதிபர் இல்லம் ஒன்றின் ஆபீசில் வேலை எடுத்தேன். ரோஸ்டர் போட்டேன், ஃபோன் எடுத்தேன். வரைபடம் என்றால் காரில் அப்பாவுக்கு வழி சொல்லுகிற பெண்குரல் மட்டும்தான் என்று இருந்தேன்.

பிறகு தவம் அண்ணை வந்தார். உனக்குக் கார் பழக்கின உன் தவம் மாமாவைத்தான் சொல்கிறேன். உனக்குப் பதினைந்து வயதிருக்கும், பக்குரங்காவில் அவர் வீடு குடிபுகுந்த அன்று நாங்களும் போயிருந்தோம். நான் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றேன். அவர் பக்கத்தில் இருந்தவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “எங்களுக்குக் கம்பஸில இருந்து ஒரு பதில் வந்தது பாருங்கோ” என்று தொடங்கி, என் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அளவுத்திட்டத்தில் தீர்மானிக்க இயலாது. பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தம்பி. சிரித்துக்கொண்டே அவருடைய இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் விட்டேன்.

அதற்கடுத்த வருஷம் அவர் சனிக்கிழமை சனிக்கிழமையாக வந்து உனக்குக் கார் பழக்கினார். எங்கள் வேலியில் நீ இடித்தபோது தானே பலகை வாங்கி வந்து அடித்துத் தந்தார். என்னை ரீச்சர் என்பார், அவருடைய மனைவி ராணி அக்கா கீரை கொடுத்துவிடுவா. பத்து வருஷத்துக்கு மேல் அவருடைய கீரையைத் தின்றேன், வாயைத் திறக்கவில்லை. என்றைக்கோ ஒரு நாள் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். நீ அந்தக் கடிதத்தை ஃபோனில் வாசித்துக் காட்டியிருக்காவிட்டால் சொல்லாமலே செத்திருப்பேன். என் பெயரை வைத்து நீ எல்லை போடப் போகிறாய் என்றதும் எனக்குப் போக்கிடம் இல்லாமல் போய்விட்டது.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, முன்னுக்கும் பின்னுக்கும் புல் வெட்டினார். மூன்றாம் நாள், “தவத்திட்ட நான் கூட்டிக்கொண்டு போறன், நீர் கதையும்” என்றார். அதனால் நேற்று, சனிக்கிழமை காலை, பக்குரங்காவுக்குப் போனோம். அந்தக் கோட்டின் ட்ரேசிங் கொப்பி ஒன்று இத்தனை வருஷமாக என் சேலைகளுக்குக் கீழே இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனேன்.

தவம் அண்ணை வேலி ஓரத்தில் நின்றார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரோடு சேர்ந்து உக்கின வேலியை மாற்றுகிறார்களாம். நிலம் அளக்கிற சேர்வேயர் வந்து அடித்துவிட்டுப் போன முளைகளை எனக்குக் காட்டினார். “பாருங்கோ ரீச்சர், ஒரு வேலிக்கு ஒருத்தன் வந்து முழங்கால் மண்ணில பட நிண்டு அளந்து, ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டி, பிறகுதான் முளை அடிச்சவன்” என்றார். நான் யோசித்து வைத்த முன்னுரை எல்லாம் மறந்துபோனது. “அண்ணை, உங்கட ஊர்க் கோடு நான் கீறினது. அந்தப் பதிலும் நான் எழுதினது” என்று சொன்னேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகத்தில் இருந்த சிரிப்பு போக நேரம் எடுத்தது. ராணி அக்கா குழாயைப் பூட்டிவிட்டு அப்படியே நின்றா.

“நீங்களோ?”

“ஓம் அண்ணை.”

“உங்களுக்குத் தெரியுமோ, எங்கட அப்பு சாகேக்கை அந்தக் கடிதம் அவரின்ர தலைமாட்டில இருந்தது. பள்ளிக்கூட வாசலில நிண்டா எங்கட பனைகள் தெரியும். கிணத்துத் தண்ணி ஒரு வாய் கேட்டவர், குடுக்க ஏலாமப் போச்சு. நான் அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனன், விடயில்லை. படிச்ச ஆக்கள் அளந்து பார்த்து எழுதினது, பிழையா இராது எண்டு சொன்னவர்.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. தவம் அண்ணை, படம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். சாப்பாட்டு மேசையில் விரித்தேன், நீ எல்லை போடப் போகிறதையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து தேடினார். விரலை வைத்தார், விரல் முழு ஊரையும் மூடியது. விரலை எடுத்துவிட்டு, மெல்லிய பேனா ஒன்று கேட்டார். என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். வாங்கி, கறுப்புக் கோட்டின் மேலேயே அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். மை மேல் மை தெரியவில்லை. உடனே ராணி அக்காவின் தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்து அந்த இடத்தில் குத்தினார். தாளைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். கோட்டின் நடுவில் வெளிச்சம் வந்தது.

“இதுதான் எங்கட கிணறு. தம்பி வெளிக்கிடேக்கை இதைக் குடுத்துவிடுங்கோ” என்றார். பிறகு, “மன்னிச்சிட்டீங்களோ எண்டு மட்டும் இப்ப கேக்காதேங்கோ ரீச்சர்” என்றார். நான் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

மற்ற ஏழு குடும்பம் எங்கே என்று அவருக்கே சரியாகத் தெரியாது. கனடாவில் ஒன்று, பாரிஸில் ஒன்று, முகாமோடு காணாமல் போனது இரண்டு என்றார். அவர்கள் எல்லாரையும் தேடி நான் வீடு வீடாகப் போக முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம் சங்க மலருக்குப் போகிறது. யாராவது வாசிக்கட்டும், யாருக்காவது சொல்லட்டும். உங்கள் கேள்வியைத் தீர்மானித்திருக்க முடியும். நீங்கள் தெற்குப் பக்கம். எட்டு வீடும் தெற்குப் பக்கம். இதைச் சொல்ல எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் எடுத்தது. சனம் என்னைப் பற்றி என்ன கதைத்தாலும் கதைக்கட்டும், கோயில் வரிசையில் முகம் திருப்பினாலும் திருப்பட்டும்.

இனி உன் விஷயம். போகக்கூடாது என்று போன கிழமை சொன்னேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கிறேன். நீ போ. நீ போகாவிட்டால் உன் கதிரையில் இன்னொருவன் இருப்பான், அவனுக்கு இந்தக் கதை தெரியாது. ஆனால் என் பெயரால் கிடைத்த இடத்தில் பொய்யோடு போய் இருக்காதே. விமானம் ஏறுமுன் உன் குழுத் தலைவரைக் கூப்பிட்டு, அம்மா வரைந்த படத்தால் எட்டுக் குடும்பம் வீடு இழந்தது, அதை அம்மா மறைத்தா என்று சொல். அதைக் கேட்டு உன்னை வேண்டாம் என்றால் வீட்டுக்கு வா, கறி இருக்கிறது. வா என்றால், நீ எப்படிப்பட்டவன் என்று தெரிந்துதான் எடுக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் கோட்டுக்குத் தடிப்பே இல்லை அம்மா, எவ்வளவு ஸூம் பண்ணினாலும் மயிர் மாதிரித்தான் இருக்கும் என்று நீ ஒரு தரம் எனக்குச் சொன்னாய். அதைக் கேட்டு எனக்குப் பயம் கூடியது. என் பிழையாவது கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு. உன் கோட்டுக்குத் தடிப்பு இல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்தக் கோட்டில் கொண்டுபோய்க் கம்பி அடிப்பார்கள். கம்பிக்கு இரண்டு பக்கமும் மரம் வெட்டுவார்கள், காவல் கொட்டில் போடுவார்கள், ஜீப் ஓட ஒரு ரோட்டும் போடுவார்கள். அவ்வளவும் யாருடைய வளவுக்குள் வரப்போகிறது என்று கையெழுத்துக்கு முன்னமே கேள். கூட்டத்தில் கேட்க வெட்கப்படாதே. தூதுவர்களுக்கு நல்ல உடுப்பும் நல்ல சொல்லும் இருக்கும், ஆனால் ‘ஆற்றை ஒட்டி’ என்று எழுதிவிட்டு அவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். ஆறு மாரியில் எங்கே ஓடும், கோடையில் எங்கே ஓடும் என்று தெரிய வேண்டியவன் நீ. உன் வாயிலிருந்துதான் அது வரவேண்டும். நீ சொல்லாவிட்டால் அந்த அறையில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஹோட்டலில் இருந்து கீறச் சொன்னால், நடந்து பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேள். நேரமில்லை என்பார்கள். எங்களுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். திரும்பவும் கேள். கண்ணிவெடி இருக்கிற இடத்தில் வீரம் காட்டாதே, உன்னை உயிரோடு எனக்கு வேண்டும். போக முடியாத துண்டில் ‘இங்கே யாரும் நடந்து பார்க்கவில்லை’ என்று படத்திலேயே எழுது. பயமாக இருந்தால் பயம் என்று சொல், யாருடைய காய்ச்சலையும் சாட்டாகச் சொல்லாதே. கொப்பித் தாளில் ஒரு கடிதம் வந்தால், அதற்கு நீயே பதில் எழுது. இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று எழுது. தெரியாவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு எழுது. பார்க்கவே விடாமல் கையெழுத்து மட்டும் கேட்டால், பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிடு. உன் வேலை போனால் அதற்கு நான் பொறுப்பு.

கடிதத்தோடு தவம் மாமாவின் தாள் இருக்கிறது. மடிக்காதே, சுருட்டி வைத்திருக்கிறேன், அப்படியே கொண்டு போ. உன் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தால் அதில் ஒட்டு.

கூடவே ஒரு பெட்டியும் இருக்கிறது. மனுகாவ் மாலில் வாங்கினேன், நடக்கிற சப்பாத்து, உன் அளவு பத்து. கடைப்பிள்ளை, மலையேறவா என்று கேட்டாள். மகன் ஆபீஸ் வேலைக்குப் போகிறான் என்றேன், என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு அப்பாவும் நானும் உன் ஃப்ளாட் வாசலில் காரோடு நிற்போம். இந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி வா.

திரும்பி வரும்போது நாங்கள் ஏர்போர்ட்டில், வெளியில் காத்துக்கொண்டு நிற்போம். உள்ளே அந்தப் படிவத்தைத் தருவார்கள், சப்பாத்தில் மண் இருக்கிறதா என்று கேட்பார்கள். நீ ‘ஓம்’ என்று போட வேண்டும், தம்பி. அவர்கள் கழுவித் தர எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும், நான் நிற்பேன்.

அம்மா